மெயினை அணைத்துவிட்டு சுவரில் வயரைத் தேடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திரைச்சீலைக் கம்பி, டி.வி. ஸ்டாண்டு, வாட்டர் ஹீட்டர் என்று சுவரில் துளை போடும் வேலையை இப்போது பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். கூடவே ‘ஸ்டட் ஃபைண்டர்’ கருவியையும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது எந்த வீட்டுக்காகப் பிறந்த கருவி என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் நிறுத்தி, மேலே ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். பலகைக்குப் பின்னால் சட்டம் எங்கே என்று காட்டுவதுதான் இதன் மூல வேலை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் செங்கல் சுவரில் தேட வேண்டியது வயர், குழாய், கம்பி.

ஆகவே காந்தம் மட்டும் உள்ளதும், மரம் மட்டும் காட்டுவதும் இங்கே பயன்படாது. உலோகத்தையும் கரண்ட் ஓடும் வயரையும் தனித்தனியாகக் காட்டும் ‘வால் ஸ்கேனர்’ வாங்குங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஆழத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 120 மி.மீ. என்றால் அது இரும்புக்கு. அதே கருவி செம்பை 80 மி.மீ. வரையும், லைவ் வயரை, அதாவது கரண்ட் உள்ள வயரை, 50 மி.மீ. வரையும்தான் காட்டும். பி.வி.சி., சி.பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் குழாய்களை விலை குறைந்த கருவிகள் காட்டவே காட்டாது. குளியலறைச் சுவரில் குழாய் வாய்க்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அரை அடி அகலப் பட்டையில் துளை போடாமல் விட்டுவிடுவதே வழி.

அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, பாதுகாப்பு என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்வது. கரண்ட் இல்லாத வயரைக் கருவி எப்படி லைவ் என்று காட்டும்? மெயின் ஆனில் இருக்க வேண்டும். அந்த அறையின் லைட், ஃபேன் சுவிட்சுகளும் ஆனில் இருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர், சுவிட்சைப் போட்டால்தான் உயிர்பெறும். தேடி, பென்சிலால் குறித்த பிறகே அணைக்க வேண்டும். அப்போதும் இன்வெர்ட்டரை மறந்துவிடக் கூடாது. மெயினை இறக்கியதும் அது தானாக வேலைக்கு வந்து, லைட் ஃபேன் வயர்களில் 230 வோல்ட்டை ஓடவிடும். அதையும் அணைத்துவிட்டு, பேட்டரி டிரில் கொண்டு துளை போடுங்கள்.

இனி ஸ்கேன் செய்யும் முறை. மோதிரம், வளையல், வாட்ச் மூன்றையும் கழற்றுங்கள். சில கருவிகளைச் சுவரில் வைத்தும், சிலவற்றைக் காற்றில் பிடித்தும் கேலிபரேட் செய்ய வேண்டும், அதாவது தொடக்க நிலைக்குச் சரிசெய்ய வேண்டும்; கையேட்டைப் பாருங்கள். சுவரில் வைக்கும் ரகமானால், கீழே கம்பி இருக்கும் இடத்தில் தொடங்கிவிட்டால் அதையே வெறும் சுவர் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஓரடி தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, மெதுவாக. பேட்டரி இறங்கியிருந்தாலும் காட்டாது.

நம் குமரி மாவட்டத்துக்கே உரிய தொல்லை ஈரம். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் மாறி மாறிச் சுவரை நனைக்கின்றன. ஈரச் சுவரில், கருவி உணரும் வயரின் மின்புலம் பரவுவதால், சுவர் முழுக்க வயர் ஓடுவதுபோல் கருவி கத்தும். இன்னொரு கையைச் சுவரில் அகல விரித்து வைத்தால் சில நேரம் அடங்கும். அடங்கவில்லையென்றால் நாலைந்து வெயில் நாள் கழித்துப் பார்ப்பதே மேல். புதுப் பூச்சும் அப்படித்தான்.

அடுத்தது கோழி வலை. வயர் குழாய்க்காகச் சுவரை வெட்டிய இடத்திலும், தூணும் செங்கல்லும் சேரும் இடத்திலும் கொத்தனார்கள் வலை அடித்துப் பூசுவார்கள். அங்கே கருவி கை அகலத்துக்கு உலோகம் காட்டும். கம்பி என்றால் மெல்லிய கோடாக வரும். வலை பட்டையாக வரும். சுவிட்ச் போர்டிலிருந்து மேலே கூரைவரை அப்படிப் பட்டை நீண்டால், வயர் அதற்குள் போகிறது என்றே கொள்ளுங்கள். வலை மின்புலத்தை மறைக்கக்கூடும். ஆகவே ‘லைவ் இல்லை’ என்று கருவி சொன்னாலும் அந்தப் பட்டையில் துளை வேண்டாம்.

ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்டுவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே இருப்பது லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம். கம்பிகள் பெரும்பாலும் அடிப்பகுதியில், ஏறக்குறைய ஓர் அங்குலக் கான்கிரீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கும். பிட் பொறி பறந்து நின்றால் அழுத்தாமல், உலோக மோடில் பார்த்து அரை அங்குலம் மேலே நகர்த்துங்கள். சாதா டிரில் போதாது, ஹாமர் டிரில் வேண்டும்.

புது வீடு கட்டுவோருக்கு இன்னும் மலிவான வழி உண்டு. பூச்சுக்கு முந்திய நாள், ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து டேப்பை நீட்டிப் பிடித்து, எண்கள் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரர்கள் சாவி கொடுக்கும் நாளில் அந்தப் படங்களையும் சேர்த்துக் கொடுக்கலாமே.

– மின்பணியாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.