சமாதானக் குழு பற்றி நீ கேட்டது

மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ கேட்ட கேள்வி தொலைபேசியில் பதில் சொல்லக்கூடியது இல்லை. அதனால் எழுதுகிறேன். "சமாதானக் குழு என்று வைத்திருந்தீர்களே அப்பா, அதால் எந்தச் சண்டை நின்றது?" என்றாய். ஒன்றும் நிற்கவில்லை. நிறுத்துவோம் என்ற எண்ணமும் எங்களில் யாருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ரொறன்ரோவில் நீ சேர்ந்திருக்கும் கூட்டத்தில் அறிக்கை விடுவதா, ஊர்வலம் போவதா என்று இழுபறி என்கிறாய். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே நாங்கள் என்ன வேலை பார்த்தோம் என்பதைச் சொல்கிறேன். உதவுமென்றால் எடுத்துக்கொள்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கிழக்கில் பொலிஸ் நிலையங்களை இயக்கம், அதாவது புலிகள், பிடித்து, சரணடைந்த பொலிசாரை நூற்றுக்கணக்கில் கொன்றது. பிறகு அரசாங்கத்தின் ஆமி வந்தது. ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இயக்கம் சுட்டது. அடுத்த கிழமை ஏறாவூர். செப்டம்பர் 5 வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த சனத்தை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக் கொடுக்கும் தலையாட்டிகளை வைத்துத் தெரிந்தெடுத்து, 158 பேரை ஆமி ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டான்: குழந்தைகள், கிழவர்கள் உட்பட 184 பேர் கொல்லப்பட்டார்கள். காத்தான்குடி தொட்டு இவ்வளவும் ஆறு கிழமைக்குள்.

158 என்ற எண்ணை இன்றைக்கு எல்லாரும் தடுமாறாமல் சொல்கிறார்கள். அந்த அகதி முகாமை நடத்தியவர்கள் யார் யாரைக் கொண்டுபோனார்கள் என்று பெயர் பெயராகக் குறித்து வைத்தார்கள், அதனால்தான். இல்லாவிட்டால் "கொஞ்சப் பெடியங்களைப் பிடித்தார்கள்" என்பதோடு கதை முடிந்திருக்கும். எங்கள் வேலையும் இந்த மாதிரித்தான். எனக்கு இங்கிலிஷ் டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் கூப்பிட்டார்கள். வேறு தகுதி ஒன்றும் கிடையாது.

காலையில் ஒரு ஊரை வளைத்தால் மத்தியானத்துக்குள் தாய்மார் வந்துவிடுவார்கள். தகப்பன்மார் வரமாட்டார்கள், வந்தால் அவர்களையும் பிடிப்பார்கள். அழுகிற பெண்ணிடம் கேள்வி கேட்பது லேசான காரியம் இல்லை, ஆனால் கேட்கத்தான் வேண்டும். முழுப் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், எந்த ஒழுங்கை, எத்தனை மணி. உடுப்பு என்ன நிறம், ஆமியா, பொலிஸ் அதிரடிப்படையா, சிவில் உடுப்பில் திரிந்த ஆட்களா. வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது. பார்த்த ஆள் வேறு யாரும் உண்டா. "என்ர பிள்ளை ஒண்டும் செய்யேல்லை" என்று எல்லாத் தாயும் சொல்லுவாள். அதை நாங்கள் எழுதவில்லை. செய்தானா இல்லையா என்று பார்ப்பது எங்கள் வேலையே இல்லை என்பதில் குழு கடைசிவரை பிடிவாதமாக இருந்தது. செய்தவனுக்கும் உயிர் ஒன்றுதானே.

எழுதியதும் அன்றைக்கே, இருட்ட முன்னம், எங்களில் இரண்டு மூன்று பேராக ஆமி முகாம் வாசலுக்குப் போவார்கள். தனியாக ஒருவரும் போவதில்லை. ஒரு பாதரோ அதிபரோ கூட இருந்தால் நல்லது. அவசரம் ஏனென்றால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரை மூன்று மூன்று மாதமாக நீடித்து அந்த நாளில் 18 மாதம் வரை வழக்கில்லாமல் அடைத்து வைக்க முடிந்தது. கொடிய சட்டம்தான். ஆனாலும் அந்தத் தடுப்புக் கட்டளை எழுதப்பட்டுவிட்டால் ஆள் உயிரோடு இருப்பார் என்று பெரும்பாலும் நம்பலாம். கடதாசி எழுதப்படாத ஆள்தான் காணாமற் போகிறவர். "பிடித்தது எங்களுக்குத் தெரியும், இன்னாருடைய பெயர், இத்தனை மணிக்கு" என்று முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு அதிகாரிக்குத் தெரியப்படுத்தினால், அவர் ஏதாவது ஒரு பதிவு போட வேண்டி வரும். அந்தப் பதிவைப் போட வைப்பதுதான் முழு வேலையும். கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1996ல் மனித உரிமை ஆணைக்குழுச் சட்டத்திலேயே வந்தது. அப்போது எங்களில் சிலர் சிரித்தார்கள். சட்டம் இல்லாமலே அதைத்தானே கேட்டுக்கொண்டு வாசலில் நின்றோம்!

சிலர் வந்தார்கள். கனபேர் வரவில்லை. இதை நான் மெழுகிச் சொல்ல மாட்டேன்.

இந்த வேலைக்கு உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த பாதர் சந்திரா பெர்னாண்டோவை 1988 ஜூன் 6 சுட்டார்கள். யாழ்ப்பாணத்தில் டொக்டர் ராஜினி திராணகம எல்லாத் தரப்பையும் பற்றி எழுதினார். 1989 செப்டம்பர் 21 அவரையும் சுட்டார்கள். பாதர் யூஜின் ஹெபர்ட், அமெரிக்கர், புனித மிக்கேல் கல்லூரிப் பெடியங்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற் போனார். அவரோடு இருந்த பாதர் மில்லர் மட்டும், 1948ல் வந்தவர், முதுமை வரை இந்த ஊரில் முறைப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். ஆமி வாசலுக்குப் போகிறோம் என்றால் கூட வர ஆள் சேரும். இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளையைக் கேட்கப் போகிறோம் என்றால் ஆள் குறையும். பயம் ஒரு பக்கம், "எங்கட ஆட்களைப் பற்றி வெளியில் கதைக்கலாமா" என்பது மறுபக்கம். பெண்கள்தான் இதில் துணிந்தவர்கள். எண்பதுகளிலேயே தம்பிலுவில் பக்கம் தாய்மார் உலக்கையோடு வந்து, ஒரு இயக்கம் இன்னொன்றைத் தாக்காமல் மறித்து நின்றதை இப்போதும் சொல்வார்கள். 2004ல் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்துபோக, வீடு வந்த பிள்ளைகளை இயக்கம் திரும்பப் பிடிக்கத் தொடங்கியபோதும் தாய்மார்தான் போனார்கள். அந்தக் காலம் ஆயுதம் இல்லாத வெளிநாட்டுத் தொண்டர்கள் சிலர் வாழைச்சேனையிலும் மூதூரிலும் தங்கி, அப்படிப் போகிறவர்களோடு கூடப் போனார்கள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள், பக்கத்தில் நிற்பார்கள். அதுவே போதுமாக இருந்த நாட்கள் உண்டு.

தமிழ் முஸ்லிம் விசயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மேடையில் ஏறினால் எல்லாரும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம்" என்பார்கள். இறங்கினதும் அவரவர் ஊர். திரும்பச் சேர்த்தது அந்தப் பேச்சில்லை. காத்தான்குடி முஸ்லிம் ஆளின் வயல் வாவிக்கு அப்பால், தமிழ் ஊர்கள் உள்ள படுவான்கரையில் கிடந்தது, போக முடியாது. தமிழ் ஆளுக்குப் பேருந்து முஸ்லிம் ஊரைத் தாண்டித்தான் போகும், பயம். யார் வயலை யார் பார்ப்பது, எந்தச் சந்தைக்கு எவர் எப்போது போவது என்று உட்கார்ந்து கதைத்தபோதுதான் ஏதோ நடந்தது. 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து நாலு மாதம்தான் ஆகியிருக்கும், ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் திரும்ப அடிபாடு. பிறகு நாங்கள் விடாமல் செய்தது ஒன்றுதான்: பள்ளிவாசல் ஆட்களின் நம்பர் எங்களிடம், கோயில் ஆட்களின் நம்பர் அவர்களிடம். "ஒரு பெடியனை வெட்டிப் போட்டார்களாம்" என்று கதை வந்தால், கடையைப் பூட்ட முதல் அங்கே ஒரு கோல் எடுத்துக் கேட்பது. பாதிக் கதை பொய்யாக இருக்கும். உங்கள் கூட்டத்தில் மற்றப் பக்கத்து ஆட்களின் நம்பர் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒருக்கால் கேட்டுப் பார்.

1994ல் காணாமற் போனோர் பற்றி ஜனாதிபதி ஆணைக்குழுக்கள் வந்தபோது எங்கள் பட்டியல்களும் போயின. கன குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழும் நட்டஈடும் கிடைத்தன. தண்டனை கிடைத்தவர்கள் அநேகமாக இல்லை. 2018ல் காணாமற் போனோர் அலுவலகம் தொடங்கியபோது அதே தாய்மார், கிழவிகளாகி, அதே விபரத்தை முதலிலிருந்து சொன்னார்கள். சிலருக்கு மணித்தியாலம் மறந்துபோயிருந்தது. நாங்கள் அன்று எழுதிய கொப்பியில் இருந்தது.

சரி, அந்தக் கொப்பிகள் பற்றித்தான் உன்னிடம் ஒரு வேலை. என்னிடம் இருப்பவை கார்பன் பிரதிகள். மை மங்குகிறது, ஒன்றில் கறையானும் ஏறிவிட்டது. டிசம்பரில் வரும்போது நல்ல ஸ்கேனர் ஒன்று கொண்டு வா. உன் நண்பர்கள் கேட்டாலும் இணையத்தில் ஏற்றக் கூடாது. சாட்சி சொன்னவர்களில் பலர் இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள், பிடித்துக் கொடுத்தவர்களில் சிலரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று பிஷப் இல்லத்தில் வைக்கலாமா என்று பார்க்கலாம். நீ வந்தால் இரண்டு பேருமாகப் போகலாம், எனக்கு இப்போது சைக்கிள் ஓட முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு அந்தக் களிம்பையும் மறக்காதே.

அன்புடன்
அப்பா