தள்ளி எடுத்த சீட்டு

இர்விங், டெக்சாஸ்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது கைத்தடி இல்லாமல் கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று வருகிறார் என்று தங்கை சொன்னாள். இங்கே வெயில் மதுரைச் சித்திரை மாதிரி காய்கிறது. மற்றபடி எல்லாரும் நலம். நீ எழுதிய நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பேஸ்பால் டிராஃப்ட்தான், அதாவது மேஜர் லீக் அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வு. நானும் நேராக அதற்கே வருகிறேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஜூலையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் ஆளாக ஈலை வில்லிட்ஸை எடுத்தது. ஒக்லஹோமாவில் பள்ளி முடித்த பதினேழு வயதுப் பையன், இரண்டாவது மூன்றாவது தளங்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப். அந்த முதல் இடத்துக்குக் கையெழுத்துப் பணமாக லீக் குறித்திருந்த தொகை 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல். அவன் கையெழுத்துப் போட்டதோ 82 லட்சத்துக்கு. நாலாவதாகக் கொலராடோ அணி எடுத்த ஈதன் ஹாலிடேவுக்கு 90 லட்சம். பள்ளியிலிருந்து நேராக வந்த எவனும் அதுவரை அவ்வளவு வாங்கியதில்லை. "முதல் பரிசுக்காரனுக்குச் சின்னக் கோப்பை, நாலாவது வந்தவனுக்குப் பெரிய கோப்பையா?" என்று கேட்டிருக்கிறாய். நேஷனல்ஸ் கஞ்சத்தனம் பண்ணிவிட்டது என்பது உன் தீர்ப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தப்பாகத்தான் தெரியும். அங்கே பத்து அணிகள் கைதூக்கும், யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கு ஆள். இங்கே எடுத்த அணி ஒன்றுதான் பேச முடியும். அதனால் ஏலத்தை மறந்துவிட்டு உன் அம்மா வீட்டில் நடத்திய ஏலச்சீட்டை நினைத்துப் பார். பணத்தேவை உள்ளவர் தள்ளிக் கேட்பார். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எண்பதாயிரத்துக்கு எடுத்தால் மிச்ச இருபதாயிரம் எங்கும் போய்விடாது, மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். 2012 முதல் டிராஃப்ட் கணக்கும் இப்படித்தான் நடக்கிறது. முதல் பத்துச் சுற்றில் ஓர் அணிக்கு உள்ள இடங்களின் தொகைகளைக் கூட்டினால் வருவது அந்த அணியின் பூல். யாருக்கு எவ்வளவு என்று அதற்குள் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். 5 சதவீதம் வரை தாண்டினால் தாண்டிய பணத்துக்கு 75 சதவீதம் வரி. அதற்கும் மேலே போனால் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும். இத்தனை வருடத்தில் ஒரு அணிகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. பணம் கொழிக்கும் உங்கள் நியூயார்க் மெட்ஸே தாண்டவில்லை.

ஆக, வில்லிட்ஸ் தள்ளி எடுத்த அந்த 28 லட்சம் சொச்சம் முதலாளியின் பைக்குப் போகவில்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற பள்ளிப் பையன்களை மூன்றாவது, நாலாவது சுற்றில் எடுத்துச் சம்மதிக்க வைக்கப் பயன்பட்டது. இதே வருடம் ஏஞ்சல்ஸ் அணியும் இரண்டாவது இடத்தில் டைலர் ப்ரெம்னரை எடுத்து இதையே செய்தது. யாரும் எதிர்பார்க்காத தேர்வு என்று நீயும்தான் எழுதியிருக்கிறாய்.

இந்த வித்தையை முதலில் பளிச்சென்று காட்டியது ஹூஸ்டன் அணி. புது விதி வந்த 2012-லேயே பைரன் பக்ஸ்டனை விட்டுவிட்டு கார்லோஸ் கொரேயாவை முதலில் எடுத்தார்கள். இடத்துக்கு 72 லட்சம், கொரேயா சம்மதித்தது 48 லட்சத்துக்கு. மிச்சப் பணத்தில் 41-ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம், அந்த இடத்துக்குரியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே சீட்டில் இரண்டு முதல் சுற்று ஆட்கள். கன்சாஸ் சிட்டி அணி செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 2013-இல் எட்டாவதாக ஹண்டர் டோஸியரைக் குறைந்த தொகைக்கு எடுத்து, மிச்சத்தைச் சேர்த்து 34-ஆவது இடத்தில் ஷான் மனாயாவுக்கு 35.5 லட்சம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து மனாயாவைக் கொடுத்து பென் ஸோப்ரிஸ்டை வாங்கினார்கள். அந்த அக்டோபர் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதை மெட்ஸ் ரசிகனான உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை நீயும் ஒத்துக்கொள்வாய். இனி வருவதில்தான் எனக்கும் உனக்கும் வழக்கு.

பந்து வீச்சாளன் குமார் ராக்கரை 2021-இல் எடுத்துவிட்டு மெட்ஸ் கைவிட்டதைப் பற்றி "மெட்ஸ் செய்தது சரிதான், 2023-இல் டாமி ஜான் ஆபரேஷன் ஆனதே, அதைவிட என்ன சாட்சி?" என்று, முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் அந்த ஆபரேஷனைக் காட்டி, ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அதை அப்படி முடிக்க மனசு வரவில்லை. தாய் வழியில் இந்திய வம்சாவளி, கோயில் வாசலில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவனாக ட்யூக் பல்கலைக்கழகத்தை எதிர்த்து 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தானே, அன்று ராத்திரி நீதான் எனக்குப் போன் பண்ணி எழுப்பினாய். 2021-இல் பத்தாவது இடத்தில் அவன் மெட்ஸுக்கு வந்தபோது 60 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கெடு தீரும் வரை மெட்ஸ் ஒரு சல்லிக்காசுகூட எழுதிக் கொடுக்கவில்லை. கையில் அவர்கள் கண்டது உண்மையாகவே இருக்கட்டும். அதன் விலையைக் கொடுத்தது யார்? மெட்ஸுக்கு அடுத்த வருடம் ஈடாக 11-ஆவது தேர்வு கிடைத்தது, அதில் கெவின் பராடாவை எடுத்தார்கள். அணிக்குக் காப்பீடு இருந்தது. ராக்கருக்கு ஒரு வருடம் போயிற்று, எந்த மேஜர் லீக் அணிக்கும் சம்பந்தமில்லாத ஃப்ரான்டியர் லீக்கில் ட்ரை-சிட்டிக்காக ஐந்து ஆட்டம் வீசி, தான் வீசத் தகுந்தவன்தான் என்று காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2022-இல் மூன்றாவதாக அவனை எடுத்தபோது இங்கே எல்லாரும் மூக்கில் விரல் வைத்தார்கள். இடத்துக்குச் சுமார் 76 லட்சம், அவன் வாங்கியது 52 லட்சம். மிச்சம் நாலாவது சுற்றில் ப்ராக் போர்ட்டருக்கு 37 லட்சமாகப் போயிற்று. இதுவும் தள்ளி எடுத்த சீட்டுதான். ஆனால் கையின் நிலை தெரிந்தே எடுத்தார்கள், சொன்ன தொகையைக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை வந்தபோது அவனுக்கு ஓர் அணி இருந்தது. 2024 செப்டம்பரில் சியாட்டிலில் முதன்முதலாக அவன் மேஜர் லீக்கில் பந்து வீசும் மேட்டில் ஏறியதைப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. இந்த வருடம் தடுமாறுகிறான், தெரியும். கூடப் படித்த ஜாக் லைட்டர் நன்றாக வீசுகிறான். ரேஞ்சர்ஸின் கிளை அணி ஆடும் ஃப்ரிஸ்கோவில் 2022-இல் நீ வந்தபோது நாம் பார்த்த அதே லைட்டர்தான், அன்று ஸ்ட்ரைக் போடத் திணறியவன். ஆகவே ராக்கர் விஷயத்தில் கடைசி வரி இன்னும் எழுதப்படவில்லை. அவன் நாளைக்கே ஓய்ந்துவிட்டாலும், 2021-இல் நடந்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

உனக்கு ஜேக்கப் நிக்ஸை ஞாபகம் இருக்கிறதா? சீட்டு உடைந்தால் யார் தலையில் விழும் என்பதற்கு அவனைவிட வேறு ஆள் வேண்டாம். 2014-இல் ஹூஸ்டன் முதல் ஆளாக ப்ரேடி ஐக்கனை எடுத்து 65 லட்சத்துக்குப் பேசியது. அவன் தள்ளிய பணத்தில்தான் ஐந்தாவது சுற்றின் நிக்ஸுக்கு 15 லட்சம். பரிசோதனையில் ஐக்கனின் முழங்கைத் தசைநாரைப் பார்த்துவிட்டு 31 லட்சத்துக்கு இறங்கினார்கள், கடைசி நேரத்தில் 50 லட்சம் வரை ஏறினார்கள், அவன் மறுத்துவிட்டான். முதல் இடத்து ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடத்துத் தொகை முழுவதும் பூலிலிருந்து போய்விடும். 79 லட்சம் போனதும் நிக்ஸுக்குக் கொடுக்கப் பணமில்லை. கொடுத்தால் அந்த 5 சதவீதக் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தப் பையனின் கையில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை, அவனும் சம்மதம் சொல்லிவிட்டான், இருந்தும் ஒப்பந்தம் இல்லாமல் போனான். ஹூஸ்டனுக்கு ஈடாகக் கிடைத்த 2015-இன் இரண்டாவது தேர்வு அலெக்ஸ் ப்ரெக்மன். ஐக்கனுக்கு அடுத்த மார்ச்சில் டாமி ஜான் ஆனது, மேஜர் லீக்குக்கு வரவே இல்லை. நிக்ஸை மறு வருடம் சான் டியாகோ எடுத்தது, 2018-இல் அவன் மேஜர் லீக்குக்கு வந்தான் என்பதுதான் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ராக்கர் கதைக்குப் பிறகு விதியைக் கொஞ்சம் திருத்தினார்கள். டிராஃப்டுக்கு முன்பே பரிசோதனைக்கு உட்பட்டவனுக்கு அந்த இடத்துத் தொகையில் குறைந்தது 75 சதவீதம் தர வேண்டும், பிறகு உடல்நிலையைக் காட்டிக் கைவிட முடியாது. நல்ல திருத்தம். ஒன்பதாவது, பத்தாவது சுற்றில் கல்லூரி நாலு வருடமும் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு பாதுகாப்பும் இல்லை. திரும்பிப் போக இடமில்லாததால் ஐயாயிரம், பத்தாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் தள்ளுவதும் சேர்ந்துதான் மேலே இருக்கிற லட்சங்கள். பட்டியல் வரும்போது அந்தப் பெயர்களையும் நான் வாசித்துவிடுவேன்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டியது உன் பையனுக்காக. பதினோராம் வகுப்பில் இடக்கையால் அவ்வளவு வேகம் வீசுகிறவனைத் தேடி ஆள் வருவது ஆச்சரியமில்லை. கல்லூரிப் பயிற்சியாளர் பேசுகிறார் என்றால் அந்த இடத்தை முதலில் உறுதி பண்ணு. பேரத்தில் பள்ளிப் பையனின் கையில் இருக்கிற ஒரே துருப்பு அது. இப்போது அதுவும் இறுகிவிட்டது. கல்லூரி விளையாட்டு வழக்கில் வந்த புது சமரச ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான். அணிக்கு 11.7 உதவித்தொகைதான் என்ற பழைய வரம்பு எடுபட்டது நல்லதுதான், ஆனால் நாற்காலிகள் குறைந்துவிட்டன. நாலு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, இல்லை 21 வயது வரை, டிராஃப்ட் கிடையாது என்பதையும் அவனிடம் இப்போதே சொல்லிவிடு. பெரிய சுற்றில் வராவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். 11-ஆவது சுற்றிலிருந்து ஒன்றரை லட்சம் டாலர் வரை பூல் கணக்கிலேயே சேராது, அங்கே எத்தனையோ பேருக்கு வழி திறந்திருக்கிறது.

ஒன்று மட்டும் உன் கடிதத்தில் இல்லை. போன கோடையில் இங்கே வந்திருந்தபோது ஆட்டம் முடிந்து காரில் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான், கேட்டால் ஒன்றுமில்லை என்றான். அதைக் காட்டினீர்களா? டாக்டர் என்ன சொன்னார்? அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்