2025-ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் அறிக்கை ரொம்ப நீளம் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது, அதனால் வழக்கமான சங்கதிகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா நடந்தது, மழை பெய்தும் பானை பொங்கியது. சனிக்கிழமை டியூஷன் தொடர்கிறது, கணக்குக்கு ஆசிரியர் இன்னும் கிடைக்கவில்லை. செயற்குழு ஏழு முறை கூடியது, அதில் நான்கு கூட்டம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகும் பயணத்தைப் பற்றிப் பேசியே முடிந்தது. அதனால் நானும் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகளின் கல்லறைக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம் என்று சொன்னதும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “வெள்ளைக்காரன் கல்லறைக்கு நாம எதுக்குய்யா பூ வைக்கணும்? எங்க பெரியப்பாவுக்கு அங்க ஒரு கல்லுகூடக் கிடையாது” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவருடைய பெரியப்பாவை 1943-இல் மலாயாத் தோட்டத்திலிருந்து, ரயில்பாதை போட, மூன்று மாத வேலைதான் என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அப்புறம் இரண்டு பேருக்கும் பூ வைப்பது, முதலில் சிப்பாய்களுக்கு, அடுத்து நம்மவர்களுக்கு என்று முடிவானது. அவரும் சம்மதித்தார், நூறு ரிங்கிட்டும் கொடுத்தார்.

மே கடைசியில், பள்ளி விடுமுறையில், 17 மாணவர்களும் பெரியவர்கள் நான்கு பேரும் எல்லையிலிருக்கும் பாடாங் பெசாரில் தாய்லாந்து ரயில் ஏறினோம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பையனின் பாஸ்போர்ட்டில் நான்கு மாதம்தான் பாக்கி என்று கண்டுபிடித்தோம் (நான் முன்பே பார்த்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது). அவன் அப்பா விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று புதுப்பித்துவிட்டார். மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் எல்லாரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், 21 பேருக்கும் கைப்பேசியில் நிரப்பியதில் எங்கள் பொருளாளர் அக்காவுக்குக் கண் வலியே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ரயில் பான் போங்கைத் தாண்டியபோது பிள்ளைகளை எழுப்பினேன். மலாயாவிலிருந்து கைதிகளையும் தொழிலாளிகளையும் இதே தடத்தில்தான் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். அங்கிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். ஏறக்குறைய 60,000 நேசநாட்டுக் கைதிகளில் 12,000-க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். கைதிகள் எண்ணிக்கைக்குக் கணக்கு இருக்கிறது, நம்மவர்களுக்கு மதிப்பீடுதான். பிள்ளைகளும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 5,000-க்கு மேல் காமன்வெல்த் வீரர்களும் 1,896 டச்சுக்காரர்களும் இருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் கல் இல்லை, முழங்காலுக்குக் கீழே தாழ்வான கல்லில் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது, சிலதில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. பூக்காரம்மாவிடம் வாங்கிய மாலைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம் (தாய்லாந்து மொழியிலும் அது மாலைதான், பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு). படிவம் 4 படிக்கும் பெண் ஒருத்தி ஒரு தகட்டின் முன்னால் குந்தி, மேலே ஒட்டியிருந்த மண்ணைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டாள். வயது 22. “எங்க அண்ணன் வயசு, செயலாளர் அங்கிள்” என்றாள். 1943 மே, ஜூனில் காலராவில் செத்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. நுழைவு மண்டபத்தில் இந்திய ராணுவத்தார் 11 பேரின் பெயர்களும் உண்டு, தேடிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

வெயில் ஏறியதும் பக்கத்திலிருக்கும் வியட்நாமியக் கோவிலுக்கு நடந்தோம். ஆசியத் தொழிலாளிகளின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன, 2023-இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். மீதி மாலைகளை அங்கே வைத்தோம். ஒரு பையன் கேட்டான்: “இங்க ஏன் பேரே இல்ல?” கைதிகளோ முகாமில் யார், எந்த நாள், எங்கே புதைத்தோம் என்று எழுதி ஒளித்து வைத்தார்கள், போர் முடிந்ததும் பாதை நெடுகத் தேடிப்போய்க் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். நம்மவர்களுக்கு எழுதிவைக்க யாரும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே சரியாக வாய் வரவில்லை.

மறுநாள் ஹெல்ஃபயர் பாஸ். ரயில்பாதைக்காகச் சுத்தியலும் உளியுமாகப் பாறையைக் குடைந்த இடம், ஒரு துளையில் முறிந்த கம்பி இன்னும் அப்படியே சிக்கியிருக்கிறது, எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். க்வாய் நதி ரயில் பாலத்தில் செல்ஃபி எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது சரியா என்று கேட்ட பெற்றோருக்கு என் பதில்: பதினாறு வயதுப் பிள்ளைகள், அவர்களும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்சம் 214 ரிங்கிட், அதில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். திரும்பி வரும் ரயிலில் பிள்ளைகள் சொன்ன யோசனை இது: நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை நாமே எழுதுவது. இதுவரை ஒன்பது பெயர், முதல் பெயர் அந்தப் பெரியப்பா. உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தின் பெயரும் எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்பதும் போதும். நோட்டு பதிவு மேசையில் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.