வண்டி எத்தனை நாளாக நிற்கிறது, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

"வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா, இந்த வாரமும் வர முடியாது" என்று அனுப்பியிருந்தாய். சரி, வராதது இருக்கட்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எப்படி ஆகவில்லை? கார் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, 'டக்' என்று ஒரே ஒரு சத்தமா, டகடகவென்று அடிக்கிறதா, அல்லது செல்ஃப் நன்றாக எடுத்தும் என்ஜின் பிடிக்கவில்லையா? ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறு. பதில் போட்டேன், நீ அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் போனில் பேசியபோது டகடகவென்கிறது என்றாய். அது பேட்டரி. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரன்ட் விடுகிற காந்த ஸ்விட்ச், அந்த சொலினாய்டு, இழுக்கப் பார்த்து, கரன்ட் போதாமல் விட்டு, மறுபடி இழுக்கப் பார்க்கிற சத்தம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் மங்கி அணையப் பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பேட்டரியில் ஒயர் மாட்டுகிற டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் அப்படியே நின்று, செல்ஃப் மட்டும் எடுக்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமோ சாவி ஸ்விட்ச் பக்கமோ பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் டெர்மினலைக் கையால் அசைத்துப் பார். அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சித்தப்பா பாசிட்டிவை முதலில் கழற்றப்போய், ஸ்பேனர் பாடியில் பட்டு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகிற எர்த் ஒயரையும் பார்த்துவிடு. பழைய வண்டியில் அந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால், புது பேட்டரி போட்டாலும் இதே சத்தம்தான் வரும்.

அப்புறம், நான் கொடுத்த மல்டிமீட்டர் டிக்கியில் இருக்கும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் அளந்தால், முழுக்க ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி.

இதில்தான் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. அந்த பேட்டரியை மாற்றி அதிக காலம் ஆகவில்லை, தேதி நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போதெல்லாம் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டே இருக்கும். தினமும் வேலைக்குப் போய்வருகிற வண்டியில் நல்ல பேட்டரி இப்படி இறங்க வேண்டுமானால் ஏதாவது காரணம் இருக்க வேண்டும். டிக்கி விளக்கு அணையாமல் எரிந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அப்படியெல்லாம் இல்லையென்றால் வண்டி நாள்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

எத்தனை நாளாக நிற்கிறது, தம்பி? பஸ்ஸில் போகிறாய் என்றால் பஸ்ஸில் போகிறேன் என்று எழுது. எனக்கு அதுவே போதும்.

உன் வண்டியில் இருக்கிற மாதிரி லெட் ஆசிட் பேட்டரியை இறங்கிய நிலையில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. அதனால் இதைத் தள்ளிப்போடாதே. பக்கத்து வீட்டில் கார் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். போய்க் கேள். சின்ன வயதிலிருந்தே உனக்கு யாரிடமும் ஒன்றும் கேட்கப் பிடிக்காது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டு வண்டி பேட்டரியையும் இணைக்கிற ஜம்பர் கேபிள் போடுவதற்கு இன்னொரு வண்டி வேண்டும், தனியாக அதைச் செய்ய முடியாது.

சிவப்பு கிளிப் முதலில் உன் பாசிட்டிவில், அதன் மறுமுனை அவர்கள் பாசிட்டிவில். கறுப்பு அவர்கள் நெகட்டிவில். கறுப்பின் கடைசி முனையை உன் பேட்டரியில் மாட்டாதே. என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பாகப் பார்த்து, பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாக மாட்டும் இடத்தில்தான் தீப்பொறி பறக்கும். அவர்கள் வண்டி சில நிமிஷம் ஓடட்டும், பிறகு உன் சாவியைத் திருப்பு. பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, நடுவில் ஒரு நிமிஷம் விடு, ஸ்டார்ட்டர் சூடேறிவிடும். தனியாகத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் பார்க்காதே.

செல்ஃப் நன்றாக எடுத்தும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு பெட்ரோலும் ஸ்பார்க்கும் வருகிறதா என்று பார். சாவியை ஆன் செய்ததும் டாங்க் பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி பம்ப் முனகும் சத்தம் வரவேண்டும். பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை முதலில் எனக்குக் காட்டியதே நீதான், அப்போது உனக்குப் படிக்கக்கூடத் தெரியாது. அது கேட்கவில்லை என்றால் பம்ப்பின் பியூஸையும், அதற்குக் கரன்ட் விடுகிற ஸ்விட்சான ரிலேயையும் பார். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பார்.

அக்கா நன்றாக இருக்கிறாள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. அப்பாவிடம் வண்டி விஷயத்தைச் சொல்லவில்லை, சொன்னால் விற்றுவிடு என்பார். விற்க வேண்டாம். நெகட்டிவ் முதலில், மறந்துவிடாதே.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் உடனே அணைக்காதே. தெருவைச் சுற்றிவந்து நிறுத்தினால் ஒன்றும் ஏறாது, நாளைக்கும் இதே கதைதான். இங்கே வருகிற தூரம் ஓட்டினால் ஓரளவு ஏறும், மீதியை நம் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். வேலைக்கு லீவு கிடைக்குமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. எந்த நாளானாலும் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. வர முடியாவிட்டால், சாவியைத் திருப்பும்போது போனைப் போட்டு பானெட் பக்கத்தில் பிடி, என்ன சத்தம் என்று நான் கேட்டுச் சொல்கிறேன். ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா