கேட்கத் தெரிந்தவர்களுக்கு நன்றி

தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் இருந்த என் தம்பி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ராத்திரியில் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன், அவசரப் பிரிவுச் செவிலியர்கள், கேட்காமலே பணம் அனுப்பிய நண்பர்கள், கேஸாகிவிடுமோ என்று பயந்த அம்மாவுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவை (தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது) சொல்லித் தேற்றிய வக்கீல் தோழி, எல்லோருக்கும் நன்றி.

இந்த மடலை எழுத வைத்தவர் மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் உளவியலாளர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வந்து உட்கார்ந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "செத்துப் போயிடணும்னு இப்பவும் தோணுதா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே பயந்துகொண்டிருந்தோம். அவனோ "ஆமா மேடம்" என்று ஆரம்பித்து, எங்களிடம் சொல்லாததையெல்லாம் சொன்னான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று பிறகு எனக்கு விளக்கினார்.

முன்பு வேறோர் இடத்தில், இனி இப்படி நினைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இவர் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார். மனசு கெடுவது முதலில் எதில் தெரியும், அப்போது தனியாக என்ன செய்யலாம், எங்கே போகலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டில் ஆபத்தானதை யார் அப்புறப்படுத்துவது, எல்லாவற்றையும் அவனையே எழுத வைத்தார். பாதுகாப்புத் திட்டம் என்று இதற்குப் பெயர். எங்கே போகலாம் என்பதற்கு அவன் தெருமுனை டீக்கடை என்று எழுதினான்.

"ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திறந்திருக்குமா?"

அடித்துவிட்டு, பெரியப்பா மகன் வீடு என்று எழுதினான்.

"சரி, அந்நேரத்துக்கு வந்தா கதவைத் திறப்பாரான்னு இப்பவே கேட்டுடுங்க."

ஸ்பீக்கரில் போட்டான். "எப்ப வேணா வாடா, இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார் அண்ணன். அப்போதுதான் என் தம்பி அழுதான்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். படிப்பில் கொஞ்சம், மற்றதெல்லாம் பயிற்சியில் என்றார். ஒருவர் நோயாளியாக உட்கார, இன்னொருவர் அந்தக் கேள்வியைக் குரல் தடுமாறாமல் வரும்வரை கேட்டுக் கேட்டுப் பழக வேண்டுமாம். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்து என்பதும் அங்கே கற்றதுதான். இன்று காலையே போன் செய்து விசாரித்துவிட்டார். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளிவந்த ஆய்வில், இப்படி 18 மாதம் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலைச் சாவு குறைந்திருந்தது.

அவருக்குக் கற்றுக்கொடுத்த, நான் முகம்கூடப் பார்த்திராத ஆசிரியர்களே, உங்களுக்கும் கோடி நன்றி. இப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் என் தம்பி போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம். எந்தக் குடும்பத்துக்கும் இது அதிர்ஷ்டத்தால் கிடைப்பதாக இருக்கக் கூடாது. நானும் பள்ளி ஆசிரியை என்பதால், எங்கள் ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சியாவது வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது தவித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.