பாயிண்ட் கார்டை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த மறுநாள் காலையிலேயே காலண்டர் முன்னால் போய் நின்று ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று தானே படித்துச் சொன்னார், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளி போடுகிற பெரிய பிள்ளையை, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு இடத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புச் சின்னப் பெண்ணை அங்கே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், ஹெட்மிஸ்ட்ரஸும் கேட்பார் என்று பயப்படுகிறாய். ஆனால் நடுவில், போகிற போக்கில், அந்தச் சின்னவள் உள்ளே வந்தால் மற்ற நாலு பேரும் ஓட ஆரம்பிக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை நான் மூன்று தடவை படித்தேன் மாப்ளே. விடை அதிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில், 2000-01 சீசனில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணி 82 ஆட்டத்தில் 26தான் ஜெயித்தது. அவர்களுடைய பாயிண்ட் கார்டு ஸ்டெஃபான் மார்பரி, ஆட்டத்துக்குச் சராசரி 23.9 புள்ளி போட்டார், மற்றவர் புள்ளி போட உதவுகிற பாஸ், அதாவது அசிஸ்ட், ஏழுக்கு மேல் கொடுத்தார், நட்சத்திரங்கள் ஆடுகிற ஆல் ஸ்டார் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் இரண்டு தடவை மூன்று புள்ளி ஷாட் போட்டுத் தன் அணியை ஜெயிக்க வைத்தார். அதே பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக 50 புள்ளி போட்டார், ஓவர்டைமில் நெட்ஸ் தோற்றது. 50 போட்டும் தோல்வி. அந்த வருடக் கதை முழுக்க அந்த ஒரு ராத்திரியிலேயே அடங்கிவிட்டது என்பேன்.

2001 ஜூலையில் மார்பரியை ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குக் கொடுத்து, அங்கே பாயிண்ட் கார்டாக இருந்த ஜேசன் கிட்டை வாங்கினார்கள். சன்ஸ் கிட்டை விட்டதற்கு ஆட்டத்துக்கு வெளியிலும் ஒரு காரணம் இருந்தது. அந்த ஜனவரியில் மனைவியை அடித்த வழக்கில் அவர் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் அவர் ஆட்டத்தை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆடுகளத்துக்குள் அவர் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த சீசனில் நெட்ஸ் 52 ஆட்டம் ஜெயித்தது. 26, அப்படியே இரண்டு மடங்கு! கிட்டின் சராசரி 14.7 புள்ளிதான், போனவரை விட ஒன்பது புள்ளி குறைவு. ஷாட்டும் அப்போது அவருக்கு அவ்வளவு நம்பகமாக இல்லை. பிறகு எப்படி?

ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில் சதுப்பு நிலத்துக்கு நடுவே அவர்கள் ஆடிய அரங்கம், சாதாரண நாளில் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும், டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிறது, உயரமானவர்களுக்கு நடுவே ஆறடி நாலங்குலக்காரரான கிட் புகுந்து தானே ரீபவுண்டை எடுக்கிறார். ஆட்டத்துக்குச் சராசரி ஏழுக்கு மேல் எடுத்தார், கார்டு எடுக்கிற கணக்கா இது? எடுத்துக் கால் தரையில் படும்போதே உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பியாகிவிட்டது. பெரிய ஆள் ரீபவுண்டு எடுத்து, கார்டைத் தேடி, அவர் கையில் கொடுத்து, அவர் நிதானமாகத் தட்டிக்கொண்டு வருகிற அந்த இரண்டு மூன்று நொடி அங்கே கிடையவே கிடையாது. நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும், ஓரத்தில் அணித்தோழர் கெரி கிட்டில்ஸ் ஓடிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் கென்யன் மார்ட்டின் வளையத்துக்கு மேலே இருப்பார்.

நான் கவனித்தது கிட்டை அல்ல, மற்றவர்களின் கால்களை. எதிரணி ஷாட் எடுத்த மறுநொடி மார்ட்டினும் ரிச்சர்ட் ஜெஃபர்சனும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். பந்து வரும் என்று தெரிந்தவன்தான் அப்படி ஓடுவான். பத்துத் தடவை ஓடி ஒரு தடவைகூடப் பந்து வராவிட்டால் பதினோராவது தடவை யாருக்கும் கால் எழாது, அதைச் சோம்பேறித்தனம் என்று கோச் திட்டுவது அநியாயம். நம் கல்லூரி சிமெண்ட் கோர்ட்டில் நான் இடது பக்கம் ஓடியதெல்லாம் உன்னை நம்பித்தானே? உனக்கு முன்னால் இருந்த சீனியர் நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவர் கையில் பந்து இருந்தால் நான் நடந்துதான் போவேன். நீ வந்த பிறகு, என்னைப் பார்க்காமலே தோள் ஒரு பக்கம் திரும்பும், பந்து வேறு பக்கம், என் கைக்கு வரும். அந்த வருடம் நான் திடீரென்று நல்ல ஆட்டக்காரன் ஆகிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். என் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை மாப்ளே, பந்து அரை நொடி முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பெருமையையும் கிட் கணக்கில் எழுதினால் தப்பு. முந்தைய சீசன் முழுக்கக் கிட்டில்ஸ் காயத்தில் வெளியே இருந்தார், மார்ட்டின் கால் எலும்பு முறிந்து உட்கார்ந்தார், கீத் வான் ஹார்னும் நிறைய ஆட்டம் ஆடவில்லை. மார்பரிக்கு அந்த ஆட்கள் இல்லை. ஜெஃபர்சனும் ஜேசன் காலின்ஸும் 2001இல், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில்தான் வந்தார்கள். கோச் பைரன் ஸ்காட்டும் உதவி கோச் எடி ஜோர்டனும் எல்லோரும் பந்தைத் தொடுகிற, வெட்டி வெட்டி ஓடுகிற பிரின்ஸ்டன் முறையை வைத்திருந்தார்கள், கிட்டின் கண்ணுக்கு அது பொருந்தியது. உன் சின்னப் பெண்ணை மாற்றினால் மட்டும் போதும் என்று நினைக்காதே, ஓடுகிறவர்களும் உடம்பு சரியாக இருக்க வேண்டும்.

கிட் வந்த அந்த சீசன் முடிவில், பட்டத்துக்கான ப்ளே ஆஃப் முதல் சுற்றில் இந்தியானாவுடன் ஐந்தாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. கடைசி நொடியில் இந்தியானாவின் ரெஜி மில்லர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு எவ்வளவோ பின்னாலிருந்து எறிந்தது உள்ளே போய் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, பிறகு டிவியில் போட்டுப் பார்த்தால் மணி அடித்த பிறகுதான் கையை விட்டிருக்கிறார்! வேறு அணியாக இருந்தால் அங்கேயே மனம் உடைந்திருக்கும். இரண்டு ஓவர்டைம் ஆடி ஜெயித்தார்கள், புள்ளியே போடமாட்டார் என்று சொல்லப்பட்ட கிட் அன்றைக்கு 31. தேவைப்படும்போது போடுவார், அதுதான் வித்தியாசம். 1984க்குப் பிறகு நெட்ஸ் ஜெயித்த முதல் ப்ளே ஆஃப் தொடர் அது. நான் அறையில் தனியாக உட்கார்ந்து கத்தினேன், மறுநாள் தொண்டை கட்டிவிட்டது. ஃபைனல்ஸில் லேக்கர்ஸ் நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்தது, அதற்கு அவர்களுடைய ராட்சத ஆட்டக்காரர் ஷாகில் ஓ நீலைத் தடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். அடுத்த வருடமும் ஃபைனல்ஸுக்குப் போனார்கள்.

அந்தப் பக்கம் ஃபீனிக்ஸ் 51 வெற்றியிலிருந்து 36க்கு இறங்கியது, 13 வருடம் தொடர்ந்து போன ப்ளே ஆஃப் தவறியது. 2004 தொடக்கத்தில் மார்பரியை நியூயார்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்த சீசனில் 29 வெற்றி. கோடையில் டல்லஸிலிருந்து பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் வந்தார், மறு சீசனில் 62. ஆனால் ஒன்று பார், நாஷை இழந்த டல்லஸ் விழவில்லை, 52லிருந்து 58க்கு ஏறியது. கார்டு போனால் அணி போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இருக்கிற ஆட்களுக்கு எந்தக் கை பொருந்துகிறது என்பதுதான் கேள்வி.

அதனால் மாற்று மாப்ளே. ஆனால் பெரிய பிள்ளையை நீயே கூப்பிட்டுப் பேசு, அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே. மார்பரி பிறகு சீனாவுக்குப் போய் பெய்ஜிங் அணிக்கு மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தார், அந்த ஊரில் அவருக்குச் சிலையே வைத்தார்கள். அவர் எப்போதும் நல்ல ஆட்டக்காரர்தான், நியூ ஜெர்சியில் அவர் கையில் பந்து அதிக நேரம் தங்கியது. உன் பெரிய பிள்ளையை விங்கில், அதாவது ஓரத்தில், வை. பந்தைக் கொண்டுவருகிற பாரம் இல்லாமல், சின்னவள் கொடுக்கிற பந்தை வாங்கி நேராக ஷாட்டுக்குப் போனால் இருபது குறையாது என்று நினைக்கிறேன், அதை அவளிடமே சொல். அவள் அப்பாவிடமும் சொல்.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் முதல் பாதி ஒருத்தி, இரண்டாம் பாதி இன்னொருத்தி என்று வைத்துப் பார். வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஒன்றிடம் நோட்டைக் கொடுத்து, நாம் ரீபவுண்டு எடுத்தபின் மூன்று எண்ணுவதற்குள் எத்தனை பேர் நடுக்கோட்டைத் தாண்டினார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல். ஸ்கோர் எனக்கு வேண்டாம், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். முழங்கால் வலிக்கு எண்ணெய் போடுகிறாயா இல்லையா என்று அம்மா கேட்கிறார், அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்