பெரிய மாமாவுக்கு: ஓடுங்கள், ஆனால் இந்த ஜனவரியில் 42 கிலோமீட்டர் வேண்டாம்

அன்புள்ள பெரிய மாமா,

"அண்ணன் இந்த வயதில் மாரத்தான் ஓடப் போகிறாராம், நீயாவது எடுத்துச் சொல்" என்று அம்மா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். தடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு அந்த எண்ணம் இல்லை. 67 வயதில் விடியுமுன் எழுந்து வ.உ.சி. மைதானத்துக்குப் போகிற மனிதரை நாற்காலியில் உட்காரச் சொல்ல மனம் வருமா? என் வழக்கெல்லாம் அந்த 42.195 கிலோமீட்டரோடுதான். சித்திரையில் ஓட ஆரம்பித்துவிட்டு ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் என்கிறீர்களே!

குடும்பக் குழுவில் நீங்கள் அனுப்பிய பௌஜா சிங் வீடியோவைப் பார்த்தேன். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான், 2011-ல் நூறு வயதில் டொராண்டோவில் 8 மணி 11 நிமிடம். உண்மைதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. (நம் தாத்தாவின் பிறந்த தேதியே பள்ளிக்கூட வாத்தியார் போட்டதுதானே!) வீடியோவில் விட்டுப்போனவைதான் உங்களுக்கு முக்கியம். அவர் பஞ்சாபில் வயலில் உழைத்து இறுகிய மெலிந்த உடம்புக்காரர். மனைவியும் மகனும் அடுத்தடுத்துப் போன துக்கத்தில் லண்டன் வந்து, அதை ஆற்றிக்கொள்ளத்தான் ஓடினார். ஹர்மந்தர் சிங் என்ற பயிற்சியாளர் கூடவே இருந்தார். 2000-ல் லண்டனில் 6 மணி 54 நிமிடம் எடுத்தவர், 2003-ல் டொராண்டோவில் 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். 92 வயதில் வேகம் கூடியிருக்கிறது, ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

எட் விட்லாக்கையும் நீங்கள் மேற்கோள் காட்டுவீர்கள் என்று தெரியும். 72 வயதில் 2 மணி 59 நிமிடம் 10 விநாடி. எழுபதைத் தாண்டி மூன்று மணிக்குள் மாரத்தானை முடித்த முதல் மனிதர். கனடாவின் மில்டன் ஊரில் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தையே மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பயிற்சி செய்தவர். அவர் இளமையிலேயே ஓட்டக்காரர். நடுவில் விட்டு, நாற்பதுகளில் திரும்பி வந்தவர். நீங்கள் அந்தக் கட்சி இல்லை, மாமா.

"மூட்டு தேய்ந்துவிடும்" என்று அத்தை சொல்வதற்கு மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1984-ல் தொடங்கி, ஐம்பது வயது தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். எக்ஸ்-ரேயில் ஓடியவர்களின் முழங்கால் மோசமாக இல்லை. 19 ஆண்டுகளில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15 சதவீதம். ஆரோக்கியமானவர்கள்தான் ஓட வருவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

நான் பயப்படுவது தசைநாண்களுக்கு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களுக்கு. ஓட ஆரம்பித்த சில வாரங்களில் மூச்சு பழகிவிடும், தசையும் தேறிவிடும். கெண்டைக்காலைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறாது. வயதானால் இன்னும் தாமதம். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தூரத்தைக் கூட்டும் வாரத்தில்தான் அது பிடித்துக்கொள்ளும், பிறகு மாதக்கணக்கில் நொண்ட வேண்டியதுதான். அதனால் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். மைதானத்து நண்பர்களிடம் அரசியல் பேசுவீர்களே, அதைத் தடையில்லாமல் பேச முடிகிற வேகம் போதும். பேரன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தின் இதயத் துடிப்புக் கணக்கை நம்பாதீர்கள். பி.பி. மாத்திரைகளில் சில துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். வேறு சில உடம்பின் நீரை வெளியேற்றும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடமே கேளுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

இருட்டில் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே போகாதீர்கள். பௌஜா சிங்கை ஓட்டம் கொல்லவில்லை. 2013-ல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டிகளிலிருந்து விலகியவர், 2025 ஜூலையில் சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார்.

என் யோசனை இதுதான்: இந்த ஜனவரியில் 10 கிலோமீட்டர், நானும் கூட ஓடுகிறேன். அடுத்த ஜனவரியில் 21. அதற்கடுத்ததில் முழு மாரத்தான்; அப்போதும் நீங்கள் முதல் மாரத்தான் ஓடிய பௌஜா சிங்கைவிட இருபது வயது இளையவராகத்தான் இருப்பீர்கள்.

முதலில் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட வேண்டாம், அம்மா பார்த்தால் அவளே டாக்டராகிவிடுவாள். பதிவுக் கட்டணம் கட்டுவதைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்